கட்டைவிரலுக்கு முப்பது சதவீதம்

(பட்டறைத் தொழிலாளர்களும் சிறுதொழில் உரிமையாளர்களும் சேர்ந்து கேட்ட ஒரு கூட்டத்தில், தொழிலாளர் வழக்குகள் நடத்தும் கோவை வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேடையில் நின்று கணக்குப் போடக் கூடாது, கேட்பவர்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்பதே ஒரு கணக்குத்தான். அதைப் போடாமல் மற்றதைப் பேசினால் ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும்.

ஏழு பேர் வேலை பார்க்கும் ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. கிடையாது. பவர் பிரஸ்ஸில் 25 வயதுப் பையன், மாதச் சம்பளம் 18,000 ரூபாய். தகட்டை வைக்கிறான், பெடலை மிதிக்கிறான், கையை இழுப்பதற்குள் டை இறங்கிவிட்டது. கட்டைவிரல் போயிற்று. சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண்ணை இழந்தால் 40. முன்கை வெட்டுப்பட்டால் முழங்கை முனையிலிருந்து 11.43 சென்டிமீட்டருக்கு மேலா கீழா என்று டேப் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்றால், பழைய நாலரை அங்குலத்தை அப்படியே மெட்ரிக்கில் மாற்றி வைத்திருக்கிறார்கள். வேறொன்றுமில்லை.

இனி பணம். நிரந்தரமாக முழுவதும் முடங்கினால் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். இறந்துபோனால் 50 சதவீதம். 25 வயதுக்கான எண் 216.91. இதை 12ஆல் வகுத்துப் பாருங்கள், 18 வருடம் வரும். ஆக, இருபத்தைந்து வயதில் இறந்தவனுக்குச் சட்டம் கொடுப்பது ஏறத்தாழ பதினெட்டு வருட அரைச் சம்பளம். வயது கூடக்கூட எண் குறையும்: 40 வயதுக்கு 184.17, 60க்கு 117.41. நம் பையனின் சம்பளம் 18,000 என்றாலும் கணக்கில் 15,000தான் ஏறும், அதுதான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. அதை 216.91ஆல் பெருக்கினால் 19,52,190. அதில் 30 சதவீதம் 5,85,657 ரூபாய். கட்டைவிரலின் விலை இது.

இதே விபத்து 2020 ஜனவரி 2ஆம் தேதி நடந்திருந்தால்? அன்றைக்கு உச்சவரம்பு 8,000. கையில் கிடைத்திருப்பது 3,12,350 ரூபாய். மறுநாள், ஜனவரி 3ஆம் தேதி, மத்திய அரசு அறிவிப்பு வந்து உச்சவரம்பு 15,000 ஆனது. விபத்து எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதியின் சட்டம்தான் பொருந்தும் என்பது உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதி. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2010 திருத்தத்துக்கு முந்தைய விபத்துக்குப் பழைய 4,000 ரூபாய் வரம்பைத்தான் எடுக்க முடியும் என்று 2020இலும் அது சொல்லிவிட்டது. நாலாயிரம் 2010இல் எட்டாயிரமானது. எட்டாயிரம் பதினைந்தாயிரமாக இன்னொரு பத்து வருடம் பிடித்தது. நடுவில் விலைவாசி ஏறியதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சப்படியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து உயர்த்தத் தெரிந்த அரசுக்கு, இந்த ஒரு எண்ணை மட்டும் விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவைக்கத் தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை.

இந்தச் சட்டத்தின் வயது நூறைத் தாண்டிவிட்டது. 1923இல் இயற்றி 1924 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஆலையில் ஒருவன் செத்தால் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டுக்குப் போய், முதலாளியின் தப்பால்தான் செத்தான் என்று அவன் மனைவி நிரூபிக்க வேண்டும். எத்தனை பேரால் முடியும்? 1923 சட்டம் ஒரு பேரம் பேசியது: யார் தப்பு என்று கேட்க மாட்டோம், வேலையால் வந்த விபத்தா என்று மட்டும் கேட்போம், பதிலுக்குத் தொகை அட்டவணைப்படிதான். பெரிய பேரம்தான். நூறு வருடமாக அந்தப் பேரத்தின் மேல்தான் நாம் நிற்கிறோம்.

நம் ஊரில் இதைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் நிலைத்துவிட்டது. குடித்திருந்தால் கிடைக்காது, பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றியிருந்தால் கிடைக்காது என்பார்கள். சாவுக்கும் நிரந்தர முழு முடக்கத்துக்கும் அந்தத் தடையெல்லாம் கிடையாது. 1995லேயே அது போயிற்று. சிறு காயத்துக்கும், நம் பையனின் கட்டைவிரல் மாதிரி பகுதி முடக்கத்துக்கும்தான் அந்த எதிர்வாதம் எடுபடும். அதிலும் அவன் வேண்டுமென்றே கழற்றினான் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். பிரஸ்ஸில் கவசத்தைக் கழற்றுவது யார், எதற்காக, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் வேண்டும் என்று சொன்னது யார் என்பதெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அட்டவணையே முடிவும் அல்ல. ஒடிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில் 1968இல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் மேலேயிருந்து விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி பார்த்தால் நூறு சதவீதம் வராது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை எப்படிச் செய்வார் என்று நஷ்ட ஈட்டு வழக்கை விசாரித்த கமிஷனர் கேட்டார், நூறு சதவீதம் கொடுத்தார். 1975இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தொகை விபத்து நடந்த அன்றே பாக்கியாகிவிடுகிறது, தீர்ப்பு வரும் நாளில் அல்ல என்ற விதியும் அந்த வழக்கில்தான் பிறந்தது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம் என்று பழைய சட்டம் சொன்னது. உரிமையாளர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். காம்பன்சேஷன் பாலிசி எடுத்திருந்தாலும் அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது. உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

இப்போது புதிய சட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாடு முழுக்க அமலுக்கு வந்தன. 2020லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்பது சட்டங்களை விழுங்கியிருக்கிறது, 1923 சட்டமும் அதில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. ஐம்பது சதவீதம், அறுபது சதவீதம், 216.91 எல்லாம் அப்படியே இருக்கின்றன. கமிஷனர் என்ற பெயர் போய்த் தகுதியுள்ள அதிகாரி என்று வந்திருக்கிறது. ஈமச் செலவு 5,000 என்று இருந்ததைக் குறைந்தது 15,000 ஆக்கியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தனியாகக் கிடந்த ஒரு பிரிவும் இந்த அத்தியாயத்துக்கு வந்துவிட்டது: எஸ்டேட் கொடுத்த லயன் வீடு இடிந்து விழுந்து ஆள் செத்தாலோ காயம்பட்டாலோ முதலாளி பொறுப்பு. வால்பாறையிலும் நீலகிரியிலும் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும் என்பது இன்னொரு மாற்றம். நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது சும்மா வந்துவிடவில்லை. கேரளத்தில் கொரட்டியில் 1971இல் ஒரு ஆலைத் தொழிலாளி நாலரை மணி ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், நாலேகால் மணிக்கு, அவருடைய சொந்த முதலாளியின் லாரியே அவரை இடித்தது. இது வேலையால் வந்த விபத்தல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி இந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் இ.எஸ்.ஐ. இல்லாதவனின் கதி? 2025 ஜூலையில்தான் அதற்கு விடை கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003இல் விடியற்காலை மூன்று மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். கமிஷனர் கொடுத்த 3,26,140 ரூபாயை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. 1923 சட்டத்துக்கும் அதே பொருள்தான் என்றது. தீர்ப்பை எழுதியவர் நம் கோவை சட்டக் கல்லூரியில் படித்த நீதிபதி கே.வி. விஸ்வநாதன் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம். அந்தக் காவலாளியின் குடும்பத்துக்கு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இனி சொல்லப்போவது கோர்ட்டில் நடப்பது.

நஷ்ட ஈட்டு வழக்குகளில் விரலின் சதவீதத்தைப் பற்றிச் சண்டை வருவது குறைவு. முதல் சண்டையே வேறு. எதிர்மனுவின் முதல் பத்தியைப் படிக்காமலே சொல்லிவிடுவேன்: "மனுதாரர் எங்களிடம் எப்போதும் வேலை பார்த்ததில்லை." வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கம், ஒரு நோட்டில் கையெழுத்து. அந்த நோட்டு முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கும். வழக்கு வந்ததும் இருக்காது.

ஒரு வழக்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பையனின் கையில் துணியைச் சுற்றிச் சூப்பர்வைசர் பைக்கில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். விபத்துப் பதிவேட்டில் எழுத டியூட்டி டாக்டர் கேட்கிறார், எப்படி ஆச்சு? வலியில் பையனால் வாய் திறக்க முடியவில்லை. சூப்பர்வைசர் சொல்கிறார், வீட்டில் கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டது சார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அவர் என்ன செய்வார், அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆறு மாதம் கழித்து நான் அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியைக் கையில் வாங்கும்போது வழக்கு பாதி தோற்றுப்போயிருந்தது. ஒரு வரிதான். அதை உடைக்கப் பக்கத்துப் பட்டறைக்காரரைச் சாட்சிக்கு அழைத்தோம், வரவில்லை. அவருக்கும் அந்த முதலாளியிடமிருந்துதான் ஜாப் ஆர்டர் வருகிறது. கடைசியில் காப்பாற்றியது, அட்வான்ஸ் இரண்டாயிரத்தை முதலாளி ஜி-பேயில் போட்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: இத்தனை மாற்றங்களிலும் நஷ்ட ஈட்டுக்கு உண்மையில் உயிர் கொடுக்கக்கூடியவை நஷ்ட ஈட்டு அத்தியாயத்தில் இல்லை. அவை பக்கத்துத் தொகுப்புகளில் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு சொல்வது. இதைத்தான் பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நம் ஏழு பேர் பிரஸ் ஷாப் அதற்கு வெளியே நிற்கிறது. எங்கே கடிதம் அதிகம் தேவையோ அங்கே அது போகவில்லை. இரண்டாவது, ஊதியத் தொகுப்பு சொல்லும் சம்பளச் சீட்டு. அதற்கு ஆள் கணக்கு கிடையாது, விவசாயத்திலும் வீட்டு வேலையிலும் ஐந்து பேருக்குள் வைத்திருப்பவர்களைத் தவிர எல்லோரும் கொடுக்க வேண்டும். யாரும் பேசாத இந்தச் சீட்டுதான் ஏழு பேர் பட்டறைக்குள் நுழையும் ஒரே காகிதம். அதில் பெயரும் தொகையும் இருந்துவிட்டால் எதிர்மனுவின் முதல் பத்தி செத்தது. சம்பளம் 18,000ஆ, அல்லது முதலாளி கோர்ட்டில் சொல்லும் 7,000ஆ என்ற இரண்டாவது சண்டையும் அதோடு தீர்ந்தது.

உரிமையாளர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சீட்டு உங்களுக்கும் பாதுகாப்பு. இறப்பு வழக்கில் பல முதலாளிகள் நல்ல மனதோடுதான் துக்க வீட்டில் இரண்டு லட்சத்தைக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டப்படி அது செல்லாது. இறந்தவரின் நஷ்ட ஈட்டை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். குடும்பத்துக்கு நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பள அளவு மட்டும் முன்பணமாகக் கழியும். மீதியை நீங்கள் இரண்டாம் தடவை கட்ட வேண்டியிருக்கும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தத்துக்கும் மதிப்புக் கிடையாது.

யார் முதலாளி என்ற கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. கான்ட்ராக்டர் வைத்த ஆள் என்றாலும் முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும், பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இது 1923லிருந்தே இருக்கிறது. கட்டடத் தொழிலில் மேஸ்திரியைக் கைகாட்டித் தப்ப முடியாமல் செய்வது இந்தப் பிரிவுதான். ஆனால் சிவகாசிப் பக்கம் போனால் இதன் எல்லையும் தெரிந்துவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், நடத்தியது குத்தகைக்காரர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். நஷ்ட ஈட்டுச் சட்டம் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது, தொழிலாளி இல்லையே. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் வெடிவிபத்தின்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து, இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது. அங்கே தொழிலாளியா என்ற கேள்விக்கு வேலையில்லை, பாதிக்கப்பட்டவரா என்பதே கேள்வி.

டெலிவரி பையன்களைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகமில்லை. புதிய தொகுப்பு கிக் தொழிலாளி, பிளாட்ஃபார்ம் தொழிலாளி என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரிலேயே அவர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்துவிட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனால் நஷ்ட ஈட்டு அத்தியாயத்தின் ஊழியர் என்ற வரையறைக்குள் அவர்களை ஏற்றவில்லை. காந்திபுரம் சிக்னலில் கால் முறிந்தால் அவன் வாரியத்திடம் உதவி கேட்கலாம். செயலி நிறுவனத்தின் மேல் 60 சதவீதக் கணக்கை எடுத்துக்கொண்டு போக முடியாது. உதவித்தொகையை அரசு கூட்டலாம், குறைக்கலாம், பட்ஜெட் இல்லை என்று நிறுத்தி வைக்கலாம். நஷ்ட ஈடு கடன் மாதிரி, ஏற்பட்ட நாளிலிருந்து வட்டி ஓடும்.

இனி மாநில அரசின் பங்கு. தொகையும் உச்சவரம்பும் டெல்லியின் கையில். ஆனால் அதிகாரி யார், மனு எந்தப் படிவம், விசாரணை எப்படி என்ற விதிகளில் பெரும்பகுதி மாநிலத்தின் கையில். பழைய விதிகள் புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்கு இடைக்காலத்தில் ஓடும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தம் சொன்ன வழக்குகள் மூன்று வருடம் நடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அதே அதிகாரி பணிக்கொடை வழக்கையும் பார்க்க வேண்டும், குறைந்தபட்ச ஊதிய வழக்கையும் பார்க்க வேண்டும், நடுவில் ஸ்டிரைக் என்றால் பேச்சுவார்த்தைக்கும் ஓட வேண்டும். விதியைத் திருத்தினால் மட்டும் இது சரியாகாது, ஆள் போட வேண்டும்.

விதியில் சேர்க்கக்கூடிய, செலவே இல்லாத ஒன்றை நான் பல இடங்களில் சொல்லி வருகிறேன். அரசு மருத்துவமனைக்கு விபத்துக் கேஸ் வந்தால் போலீஸுக்கு ஒரு தகவல் சீட்டுப் போகிறது. வேலை செய்யும் வயதில் ஒருவர் கை நசுங்கியோ கண்ணில் அடிபட்டோ உயரத்திலிருந்து விழுந்தோ வந்தால் அதன் நகல் தொழிலாளர் அலுவலகத்துக்கும் போகட்டும். பதிவேட்டில் 'எங்கே வேலை பார்க்கிறார், யாரிடம்' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். காயம்பட்டவருக்கு நினைவு தெளிந்ததும் அவரிடமே கேட்டு நிரப்பட்டும், கூட வந்தவரிடம் வேண்டாம். உயிரிழப்பு என்றால் ஏழு நாளில் அறிக்கை தர வேண்டிய கடமை முதலாளிக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவர் தராவிட்டால் தெரிந்துகொள்ள அரசுக்கு இன்று வழியில்லை. இந்தச் சீட்டு அந்த வழி.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரியில் யார் கூடப் போனாலும் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று அன்றைக்கே கேளுங்கள், தப்பாக இருந்தால் போலீஸ் வாக்குமூலத்தில் சரியாகச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பாதியாவது வங்கியில் வாங்குங்கள். மனுப் போட இரண்டு வருடம் அவகாசம், அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிப் போராட வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை பார்ப்பவர்கள் இறந்தால், அவர்கள் மனைவி இங்கே வந்து தங்கி வழக்கு நடத்த வேண்டியதில்லை. தன் சொந்த மாவட்டத்திலேயே போடலாம். இந்த ஒரு விஷயத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி உங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். தொழிலாளிக்கு அவன் உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 2017லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், தவறினால் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம் என்று அந்தத் திருத்தம் சொன்னது.

மருத்துவமனைச் சீட்டுப் பற்றிய மனு வாசலருகே மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையாளர்களுக்குத் தனிப் பக்கம் விட்டிருக்கிறோம்.